காற்று மெஷினும் மற்ற வழிகளும்

குறட்டை இல்லாத வீடு உண்டா? தாத்தா குறட்டை விடுவார். மாமா குறட்டை விடுவார். கேட்டுச் சிரிப்போம். "நல்ல தூக்கம்" என்று சொல்வோம்.

எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. சளி பிடித்தால் குறட்டை வரும். அலுத்துப் படுத்தாலும் வரும். ஆனால் ஒரு வகைக் குறட்டை இருக்கிறது. அது ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நிற்கும். வீடே அமைதியாகிவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா" என்று கண்ணை மூடுவார். அந்த நேரத்தில்தான் மூச்சு நின்றிருக்கும். 10 விநாடி நிற்கும். 20 விநாடி நிற்கும். சிலருக்கு ஒரு நிமிடம் கூட நிற்கும். பிறகு ஒரு திணறல். ஒரு பெரிய இழுப்பு. மறுபடியும் குறட்டை.

தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

டிரைவர் வீட்டில்

பெங்களூரில் ஒரு லாரி டிரைவர். தமிழ்க் குடும்பம். வயது 46. எடை 94 கிலோ. 22 வருடமாக லாரி ஓட்டுகிறார். தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி என்று மும்பை வரை லோடு கொண்டு போவார். பெரும்பாலும் இரவு ஓட்டம். நல்ல டிரைவர் என்று பெயர். பெரிய மீசை. மீசைக்கும் பெயர் உண்டு.

இரண்டு வருடமாக அவருக்குத் தூக்கம் பெரிய தொல்லை. தூக்கம் வரவில்லை என்பது தொல்லை இல்லை. எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. காலையில் தலை வலிக்கும். இரவில் நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். டீ குடிக்கும்போதே கண் சொக்கும். பேசிக்கொண்டே தூங்கிவிடுவார். எரிச்சல் வேறு. பிள்ளைகள் பக்கத்தில் வரவே பயந்தார்கள்.

ஒரு நாள் கிளீனர் பையன் வீட்டுக்கு வந்தான். டிரைவர் வீட்டில் இல்லை. அவர் மனைவியிடம் மெல்லச் சொன்னான்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. போன வாரம் சித்ரதுர்கா தாண்டி வண்டி ரோட்டை விட்டு மண்ணுல இறங்கிடுச்சு. நான் கத்தினேன். அப்பத்தான் முழிச்சாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இப்ப எனக்கு அவரோட போகவே பயமா இருக்கு."

அன்று இரவு அந்த அம்மா தூங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர் அவர். மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டார். எத்தனை எண்ணும் வரை நின்றது என்று பக்கத்தில் எழுதினார். ஒரு மணி நேரத்தில் 31 கோடு. அதிகமாக நின்றது 42 எண்ணும் வரை.

மறுநாள் நோட்டைக் கணவரிடம் காட்டினார்.

"ஏங்க, இதைப் பாருங்க. ஒரு மணி நேரத்துல முப்பத்தோரு தரம் உங்க மூச்சு நின்னுச்சு. நான் கையை மூக்குகிட்ட வச்சுப் பார்த்தேன். காத்தே வரலை."

டிரைவர் முதலில் சிரித்தார். பிறகு கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நோட்டும் கூடப் போனது.

மூச்சு ஏன் நிற்கிறது?

காகிதக் குழல் வைத்துச் சாறு குடிப்போம். குழல் நனைந்து தொய்ந்துவிட்டால் என்ன ஆகும்? உறிஞ்சும்போது அதன் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சாறு வராது. நம் தொண்டையும் சதையாலான குழல்தான். விழித்திருக்கும்போது சுற்றியுள்ள தசைகள் அதைத் திறந்து வைத்திருக்கும். தூங்கினால் தசைகள் தளரும். சிலருக்குத் தொண்டை குறுகலாக இருக்கும். நாக்கு பின்னால் சரியும். உள்ளே இழுக்கிற காற்றே குழலை ஒட்ட வைத்துவிடும்.

மூச்சு நின்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறும். "எழுந்திரு" என்று உடம்பை உலுக்கும். ஒரு நொடி விழிப்பு வரும். தொண்டை திறக்கும். காலையில் அந்த விழிப்பு நினைவில் இருக்காது. ஆனால் இரவு முழுவதும் ஒருவரை நூறு இருநூறு தடவை தட்டி எழுப்பினால் அவர் தூங்கினார் என்று சொல்ல முடியுமா?

ஒவ்வொரு உலுக்கலிலும் இதயத்துக்கு வேலை கூடுகிறது. வருடக்கணக்கில் இப்படியே விட்டால் ரத்தக் கொதிப்பு வரலாம். இருக்கிற கொதிப்பு மாத்திரைக்கு அடங்காமல் போகலாம். இதய நோயும் பக்கவாதமும் வர வாய்ப்பு கூடுகிறது. 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தார். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் இந்த நோய்தான் காரணம் என்று சிகிச்சை தந்த மருத்துவமனை சொன்னது. நெஞ்சில் தொற்றும் அவருக்கு அடிக்கடி வந்திருந்தது.

இது பணக்காரர் நோய் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2023ல் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்களில் 100க்கு 11 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களில் 100க்கு 13 பேர். பெண்களில் 100க்கு 5 பேர். வேலை செய்யும் வயதில் மட்டும் சுமார் 10 கோடிப் பேர். பெரும்பாலோருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது.

கழுத்து பருத்தவர்களுக்கு அதிகம் வரும். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவனம் வேண்டும். எடை கூடியவர்களுக்கு வரும். தாடை சிறியவர்கள் ஒல்லியாக இருந்தாலும் வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. குழந்தைகளுக்கும் வரும். அவர்களுக்கு உள்நாக்குப் பக்கத்துச் சதை வீங்கியிருப்பது பல நேரம் காரணமாக இருக்கும்.

ஒரு இரவுப் பரிசோதனை

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். மனைவியைப் பார்த்து, "நல்ல வேலை செஞ்சீங்கம்மா" என்றார். பிறகு டிரைவரிடம் சொன்னார்.

"ஒரு ராத்திரி இங்க தூங்கணும். உடம்புல வயர் ஒட்டுவோம். வலி எதுவும் இல்லை. மூச்சு, இதயம், ஆக்சிஜன் எல்லாம் மெஷின் எழுதிக்கும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

கடைசி வார்த்தை டிரைவருக்குச் சுருக்கென்று தைத்தது. வண்டி ஓடாவிட்டால் வீடு எப்படி ஓடும்?

பரிசோதனை முடிந்தது. அவர் 6 மணி நேரம் தூங்கியிருந்தார். மூச்சு நின்றதும் பாதியாகக் குறைந்ததும் சேர்த்து 228 தடவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்.
228 ஐ 6 ஆல் வகுத்தால் 38.
ஒரு மணி நேரத்துக்கு 38 தடவை.

இந்தக் கணக்கில் 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையான நோய். மனைவி எண்ணியது 31. மெஷின் எண்ணியது 38. காதால் கேட்க முடியாத சின்னத் தடைகளையும் மெஷின் பிடித்துவிடும். கடிகாரமும் பென்சிலும் வைத்துக்கொண்டு அந்த அம்மா இவ்வளவு நெருக்கமாக எண்ணியது பெரிய விஷயம்.

மெஷின் வந்த கதை

பழைய காலத்தில் கடுமையான நோய்க்கு ஒரே ஒரு வழிதான். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். அந்தத் துளை வழியாகத்தான் தூக்கத்தில் மூச்சு விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1980ல் வேறு ஒன்றை முயன்று பார்த்தார். தூசி உறிஞ்சும் மெஷின் இருக்கிறதே, அந்த மாதிரி மோட்டாரை வைத்துக் காற்றை வெளியே ஊதவிட்டார். அந்தக் காற்றை மூக்கு வழியாகச் செலுத்தினார். ஒட்டிக்கொண்ட தொண்டை திறந்தது. நோயாளி நிம்மதியாகத் தூங்கினார். 5 நோயாளிகளிடம் கண்டதை 1981ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அன்று அந்த மெஷின் பெரிய சத்தம் போட்டது. இன்று ஒரு சின்ன ரேடியோப் பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. இதன் பெயர் சீபாப்.

பலர் தவறாக நினைக்கிறார்கள். இந்த மெஷின் நமக்காக மூச்சு விடுவதில்லை. இது ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் அழுத்தித் தருகிறது. தொண்டையைத் திறந்து வைக்கிறது. மூச்சு விடுவது நாம்தான். மாட்டியிருக்கும் வரைதான் பலன். கழற்றினால் பழைய கதைதான். மூக்குக்கண்ணாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டிலுக்கு அடியில் போன மெஷின்

டிரைவர் வீட்டுக்கு மெஷின் வந்தது. கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். முதல் இரவு மாட்டிப் பார்த்தார். சின்ன மகன் ஓடி வந்தான்.

"அப்பா, நீ யானை மாதிரி இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். ஆனால் மனதுக்குள் சுட்டது.

இரவு ஒரு மணிக்குப் பிய்த்து எறிந்தார். மீசை வழியாகக் காற்று புஸ்ஸென்று கசிந்து கண்ணில் அடித்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூச்சை வெளியே விடும்போது யாரோ எதிரே நின்று தள்ளுவது போல இருந்தது. இரண்டாம் இரவும் அப்படியே. நான்காம் நாள் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மனைவி கேட்டால், "மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். அந்த அம்மா காலை 4 மணிக்கே பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர். சீக்கிரமே கண் அசந்துவிடுவார். பாவம், நம்பினார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா மெஷினைக் கொண்டு வரச் சொன்னார். உள்ளே இருந்த சின்னச் சில்லை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார்.

"21 நாள்ல 5 நாள்தான் மாட்டியிருக்கீங்க. அதுவும் ராத்திரிக்கு ஒன்றரை மணி நேரம்."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின் கணக்கு எழுதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மனைவி தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்து பேசிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.

டிரைவர் உடைத்துக் கேட்டார். "என்னால முடியலை டாக்டர். இதுக்கு வேற வழியே இல்லையா? மாத்திரையோ, ஊசியோ, ஆபரேஷனோ?"

"இருக்கு. சொல்றேன். முதல்ல இது ஏன் முடியலைன்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

மெஷினைப் பழகிக்கொள்வது

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறிப் போகிறார்கள். செருப்பு கடித்தால் வேறு அளவு வாங்குகிறோம். மாஸ்க் கடித்தால் சிகிச்சையையே விட்டுவிடுகிறோம்.

மாஸ்க் பல வகை உண்டு. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்கையும் வாயையும் மூடுவது ஒன்று. மூக்குத் துளையில் சின்ன மெத்தை போல உட்காருவது இன்னொன்று. டிரைவருக்கு முதலில் தந்தது மூக்கை மூடும் மாஸ்க். மீசை மேல் அது ஒட்டவில்லை. அதனால்தான் கசிவு. துளையில் உட்காரும் மாஸ்க்கை மாட்டியதும் கசிவு பெரும்பாலும் நின்றது. மீசையைத் துறக்க வேண்டியதில்லை. கொஞ்சம் ஓரம் வெட்டினார், அவ்வளவுதான்.

வாய் ஏன் வறண்டது? அவருக்கு மூக்கு அடைப்பு. அதனால் தூக்கத்தில் வாயைத் திறந்துவிடுவார். மூக்குக்கு ஈ.என்.டி. டாக்டர் மருந்து தந்தார். மெஷினோடு தண்ணீர்த் தொட்டி ஒன்று சேர்த்தார்கள். அது காற்றை ஈரமாக்கும். அதில் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட வேண்டும்.

எதிரே தள்ளும் காற்றுக்கும் வழி இருக்கிறது. படுத்ததும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும்படி மெஷினில் அமைக்கலாம். தூங்கிய பிறகுதான் முழு அழுத்தம் வரும்.

டாக்டரம்மா இன்னொரு யோசனை சொன்னார். "ராத்திரி மட்டும் மாட்டாதீங்க. சாயங்காலம் டிவி பார்க்கிறப்ப அரை மணி நேரம் மாட்டிக்கிட்டு உட்காருங்க. முழிச்சிருக்கும்போது பழகினாத்தான் தூக்கத்துல கை அதைப் பிய்க்காது."

தினமும் மாஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். தூசி வடிகட்டியை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். ரோட்டோரத்து வீடுகளில் வடிகட்டி சீக்கிரம் கறுத்துவிடும்.

கரண்ட் போனால்? வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெஷின் ஓடும். இல்லாவிட்டால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கலாம். லாரியில் வைத்துத் தூங்குவதற்கும் வழி உண்டு. பெரிய லாரியில் 24 வோல்ட் கரண்ட். மெஷினுக்குப் பொருந்தும் வயரை மெஷின் விற்றவரிடமே கேட்டு வாங்க வேண்டும். கண்ட வயரைச் செருகினால் மெஷின் புகைந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும்போதுதான் இது என்று சொல்லவும் வேண்டுமா?

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறார்கள். எச்சரிக்கை வேண்டும். ஒருவருக்கு வைத்த அழுத்தம் இன்னொருவருக்குச் சரிப்படாது. 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன்னுடைய பல மெஷின்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஸ்பாஞ்சு உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்று தெரிய வந்ததே காரணம். அந்தப் பழைய மெஷின்கள் கை மாறி வரலாம். மாடல் எண்ணை டாக்டரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். வாடகைக்கு மெஷின் தருகிறவர்களும் உண்டு. ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. டிரைவர் குடும்பத்துக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

மற்ற வழிகள் என்னென்ன?

முதலில் செலவில்லாத வழி. சிலருக்கு மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு நிற்கும். ஒருக்களித்தால் நிற்காது. இவர்கள் பனியன் முதுகில் ஒரு பை தைத்து அதில் ரப்பர் பந்தை வைக்கலாம். மல்லாந்தால் பந்து குத்தும். உடம்பு தானே திரும்பிவிடும். கேலி வேண்டாம், டாக்டர்கள் சொல்கிற வழிதான் இது. ஆனால் நம் டிரைவருக்கு எப்படிப் படுத்தாலும் மூச்சு நின்றது. பந்து மட்டும் போதாது.

அடுத்தது குடி. அவர் "தூக்கம் வரட்டும்" என்று இரவில் குவார்ட்டர் குடிப்பார். சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். மூச்சு நிற்பது கூடும். தூக்க மாத்திரையும் பலருக்கு அப்படித்தான் செய்யும். டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. குடியை விடுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது, மெஷினை விட.

அடுத்தது எடை. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு நிற்பது சுமார் நான்கில் ஒரு பங்கு குறையும் என்று அமெரிக்காவில் பல வருடம் நடந்த ஆய்வு ஒன்று 2000ல் சொன்னது. டிரைவரின் எடை 94 கிலோ. பத்தில் ஒரு பங்கு சுமார் ஒன்பதரை கிலோ. அவ்வளவு குறைந்தால் 38 என்பது 28 பக்கம் வரும். நல்ல மாற்றம்தான். ஆனாலும் 28 நோய்தான். எடை குறையும் வரை மூச்சு காத்திருக்குமா? எடையையும் குறைக்க வேண்டும், மெஷினையும் மாட்ட வேண்டும். நடு இரவில் தாபாவில் பரோட்டா தின்றுவிட்டுப் படுக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்தினார்.

எடை குறைக்கும் ஊசி பற்றி இப்போது நிறையப் பேச்சு. டிர்செபடைடு என்ற ஊசிமருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த நோய்க்கென்றே அனுமதி தந்தது. மிகவும் பருத்த உடம்பு, நடுத்தர அல்லது கடுமையான நோய், இவை இரண்டும் உள்ளவர்களுக்கு மட்டும். வாரம் ஒரு ஊசி. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கூடவே வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கும் இந்த மருந்து வந்தது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரோ தருகிறார் என்று குத்திக்கொள்ளக் கூடாது.

பல் டாக்டர் செய்து தரும் ஒரு கருவி உண்டு. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டுவது. கீழ்த் தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைக்கும். நாக்கும் கூடவே முன்னால் வரும். தொண்டை திறக்கும். கரண்ட் வேண்டாம். சத்தம் இல்லை. பைக்குள் வைத்துக்கொண்டு எங்கும் போகலாம். லேசான நோய்க்கும் நடுத்தர நோய்க்கும் இது நன்றாக உதவும். மெஷின் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் கடுமையான நோய் உள்ளவர்களுக்கும் சில நேரம் தருகிறார்கள். தாடை வலிக்கலாம். நாளாவட்டத்தில் பல் வரிசை மாறலாம். நம் டிரைவருக்கு இதன் மேல்தான் ஆசை. பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். வருடக்கணக்காகப் புகையிலை போட்டு ஈறு கெட்டிருந்தது. நான்கு பல் ஆடியது. "இந்தப் பல்லு அந்த இழுப்பைத் தாங்காது. முதல்ல புகையிலையை விட்டுட்டு ஈறைச் சரி பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டார்.

தொண்டைக்கும் நாக்குக்கும் பயிற்சி உண்டு. இதில் நம் நாட்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் டாக்டர்கள் நடுத்தர நோய் உள்ள 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். 16 பேர் சங்கு ஊதினார்கள். மற்றவர்கள் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தார்கள். வாரம் 5 நாள், தினம் 15 நிமிடம், 6 மாதம். சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மணிக்கு நான்கைந்து தடவை மூச்சு நிற்பதும் குறைந்தது. 2025ல் இதை வெளியிட்டார்கள். சங்கு ஊதும்போது தொண்டைத் தசைக்கு வலு ஏறுகிறது என்பது அவர்கள் கருத்து. செய்தி நல்ல செய்தி. ஆனால் 30 பேர் என்பது சின்ன ஆய்வு. மணிக்கு 38 தடவை மூச்சு நிற்பவருக்கு நான்கைந்து குறைந்தால் போதுமா? சங்கு துணைக்கு வரலாம், மெஷினுக்குப் பதிலாக அல்ல. விடியற்காலையில் ஊதுவதாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஊதுங்கள்.

ஆபரேஷன் எல்லோருக்கும் இல்லை. குழந்தைக்கு உள்நாக்குப் பக்கத்துச் சதை வீங்கியிருந்தால் அதை எடுத்தாலே பெரும்பாலும் குணம் தெரியும். பெரியவர்களுக்குச் சதையை வெட்டினாலும் சிலருக்குத்தான் பலன். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றை மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் முறைக்கு 2014ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் செலவு பல லட்சம்.

கடைசியாக, கடையில் விற்கும் குறட்டைப் பட்டி, மூக்குக் கிளிப், சொட்டு மருந்து. இவற்றால் சத்தம் குறையலாம். மூச்சு நிற்பது குறையாது. அதனால் இவை ஆபத்து. சத்தம்தானே வீட்டாருக்குக் காவல்?

எந்த வழியில் போனாலும் சில மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை செய்ய வேண்டும். "நல்லா இருக்கு" என்று வாயால் சொல்வது போதாது. மணிக்கு எத்தனை தடவை என்ற எண் இறங்கியிருக்க வேண்டும். அந்த எண்தான் சாட்சி.

ஓனரிடம் சொன்னது

இனி ஒரு வேலை பாக்கி இருந்தது. ஓனரிடம் சொல்வது.

"சொன்னா வேலை போயிடும்" என்றார் டிரைவர்.

"சொல்லலைன்னா நீங்களே போயிடுவீங்க. எதிர்ல வர்றவங்களும் போவாங்க" என்றார் மனைவி. இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அவரே போய்ச் சொன்னார். பரிசோதனைச் சீட்டையும் காட்டினார். ஓனருக்குக் கோபம் வந்தது. "லைன்ல ஆள் இல்லாத நேரத்துல வந்து சொல்றியே" என்று கத்தினார். பிறகு வண்டி மண்ணில் இறங்கிய கதையைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு மாதம் ஷெட்டில் லோடு கணக்கு எழுதும் வேலை தந்தார். படி கிடையாது. சம்பளமும் குறைவு. வீட்டில் மகளின் டியூஷன் நின்றது. அந்த அம்மா பூக்கட்டும் வேலையைக் கூட்டிக்கொண்டார். மெஷின் கடன் வேறு மாதாமாதம். எளிதான இரண்டு மாதம் இல்லை அது.

ஷெட்டில் ஒரு மாலை இன்னொரு டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயதில் மூத்தவர். அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, அந்தக் காத்து மெஷின்... ராத்திரி பூரா மாட்டணுமா?"

"ஏண்ணே, உங்களுக்குமா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் முடிந்து டாக்டரம்மா மறுபடியும் சில்லைப் பார்த்தார். தினம் சராசரி ஐந்தரை மணி நேரம் மாட்டியிருந்தார். மாட்டியிருந்த நேரத்தில் மணிக்கு 4 தடவைதான் தடை. எடை 5 கிலோ குறைந்திருந்தது. காலைத் தலைவலி போய்விட்டது. இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். பகலில் கண் சொக்குவதும் இல்லை. டாக்டரம்மா வண்டி ஓட்டச் சீட்டு எழுதித் தந்தார். பகல் ஓட்டம் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து கணக்குக் காட்ட வேண்டும்.

மெஷின் மேல் அவருக்கு இன்னும் பிரியம் வரவில்லை. "வேண்டாத மாமியார் வீட்டுல வந்து தங்கின மாதிரி இருக்கு" என்பார். ஈறு சரியானதும் பல் கருவியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். புகையிலை டப்பா வீட்டில் இல்லை. லாரியில் இருக்கிறதா என்று கிளீனர்தான் சொல்ல வேண்டும்.

எழுதிப் பழகுவோம்

வீட்டில் யாராவது இப்படிக் குறட்டை விட்டால் ஒரு மணி நேரம் பக்கத்தில் விழித்திருங்கள். ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்.

தேதி:
எண்ணத் தொடங்கிய நேரம்:
முடித்த நேரம்:
மூச்சு நின்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு:
அதிகமாக நின்றது எத்தனை எண்ணும் வரை:
மல்லாந்து படுத்திருந்தாரா, ஒருக்களித்தா:
அன்று குடித்திருந்தாரா:
பகலில் எங்கே எப்போது தூங்கி விழுகிறார்:

தாளை டாக்டரிடம் கொடுங்கள்.

கணக்கு

ஒருவர் 7 மணி நேரம் தூங்கினார். 126 தடவை மூச்சு தடைப்பட்டது. மணிக்கு எத்தனை தடவை? அது லேசான நோயா, நடுத்தரமா, கடுமையா? அவருக்கு எந்தெந்த வழிகளை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்?

பேசிப் பார்ப்போம்

டிரைவர் மூன்று வாரம் வீட்டில் பொய் சொன்னார். ஏன்?
ஓனர் இரண்டு மாதத்துக்கு வேறு வேலை தராமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும்?
உங்கள் ஊரில் பஸ், லாரி, ஆட்டோ ஓட்டுகிறவர்களில் பகலில் தூங்கி விழுகிறவர் யாராவது உண்டா? அவரிடம் இதை யார் சொன்னால் கேட்பார்?